சாலைப் பெயரில் இருப்பவர்: ஈ.வெ.கி. சம்பத்



வேப்பேரியில் சென்னைப் பெருநகரக் காவல் ஆணையர் அலுவலகம் இருக்கும் சாலைக்கு ஈ.வெ.கி. சம்பத் சாலை என்று பெயர். உங்களில் பலர் அந்தப் பக்கம் போய் வந்திருப்பீர்கள். அவர் யார் சார் என்று நம் குடியிருப்பு இளைஞர் ஒருவர் மாலை நடையின்போது என்னிடம் கேட்டார். நடந்துகொண்டே சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

சம்பத் 1926 மார்ச் 5-ஆம் தேதி பிறந்தவர். பெரியாரின் அண்ணன் ஈ.வெ. கிருஷ்ணசாமியின் மகன். பெரியாருக்குப் பின் இவர்தான் என்று பலரும் நினைத்திருந்தார்கள். ஆனால் 1949-ல் அண்ணா தனியே வந்து தி.மு.க.வைத் தொடங்கியபோது, சம்பத் சித்தப்பாவை விட்டுவிட்டு அண்ணாவோடு நின்றார். அந்தக் கட்சியின் ஐம்பெரும் தலைவர்களில் ஒருவரானார். மேடைப் பேச்சுத் திறத்தால் சொல்லின் செல்வர் என்று பெயர் பெற்றார்.

1957 தேர்தலில் தி.மு.க.வுக்கு மக்களவையில் கிடைத்தவை இரண்டே இடங்கள். அதில் ஒன்று சம்பத் வென்ற நாமக்கல். இந்தி திணிக்கப்படாது என்று 1960-ல் பிரதமர் நேரு எழுத்து மூலம் உறுதி கொடுத்தது இவருக்குத்தான். அவ்வளவு செல்வாக்கோடு இருந்தவர் அடுத்த ஆண்டே கட்சியை விட்டு வெளியேறினார்.

ஏன்? முதல் காரணம் திராவிட நாடு கோரிக்கை. ஆந்திரம், கேரளம், கர்நாடகம் மூன்றும் அதில் நாட்டம் காட்டவில்லை. நடக்காத ஒன்றை நடக்கும் என்று மக்களிடம் சொல்லிக்கொண்டிருப்பது சரியல்ல என்று அவர் கருதினார். இரண்டாவது, கட்சிக்குள் சினிமாக் கவர்ச்சிக்குக் கூடிவந்த இடம். உள்கட்சிப் பூசல் முற்றி, உண்ணாவிரதம்வரை போனார். அண்ணா நேரில் சென்று சமாதானம் செய்தும் அது நிலைக்கவில்லை.

1961 ஏப்ரலில் தமிழ்த் தேசியக் கட்சி பிறந்தது. கவிஞர் கண்ணதாசனும் உடன் வந்தார். திராவிட நாடு வேண்டாம், பிரிந்து போகும் உரிமையோடு கூடிய தன்னாட்சித் தமிழகம் போதும் என்பது அதன் கொள்கை.

ஓராண்டுக்குள் 1962 தேர்தல் வந்துவிட்டது. கட்சி சட்டமன்றத்துக்கு ஒன்பது இடங்களில் நின்றது, ஒன்றில்கூட வெல்லவில்லை. தென்சென்னையில் மக்களவைக்கு நின்ற சம்பத்தும் தோற்றார். அதே தேர்தலில் தி.மு.க. சட்டமன்றத்தில் 50 இடங்களைப் பிடித்தது. தலைவர் ஒருவர் வெளியே வரலாம். ஊர்தோறும் இருக்கும் கிளைகளும் கொடி கட்டும் தொண்டர்களும் கூடவே வந்துவிடுவார்களா? அவர்கள் அண்ணாவிடமே இருந்துவிட்டார்கள். 1964-ல் சம்பத் தம் கட்சியைக் காங்கிரஸில் இணைத்தார். மூன்றே ஆண்டுகளில் கணக்கு முடிந்தது.

இதற்கு நடுவில் நடந்ததைக் கவனியுங்கள். 1962-ல் சீனப் போர். 1963-ல் பிரிவினை கேட்கும் கட்சிகள் தேர்தலில் நிற்க முடியாதபடி 16-ஆவது அரசியல் சட்டத் திருத்தம். அதே ஆண்டு தி.மு.க.வே திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. சம்பத் எதை நடக்காது என்று சொல்லி வெளியேறினாரோ, அதை இரண்டே ஆண்டுகளில் கட்சியும் விட்டுவிட்டது. ஆனால் 1967-ல் ஆட்சிக்கு வந்தது தி.மு.க. அப்போது சம்பத் தோற்ற காங்கிரஸில் இருந்தார்.

பொறுத்திருந்தால் அமைச்சராகியிருப்பார் என்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் நம்பாத ஒன்றை மேடை மேடையாகப் பேச அவரால் முடியவில்லை. முன்கூட்டியே சரியாகச் சொன்னவருக்குப் பலன் கிடைத்தே தீரும் என்று எந்த விதியும் இல்லை.

1977 பிப்ரவரி 23 அன்று, 51 வயது நிறைவதற்குச் சில நாட்களே இருக்கும்போது காலமானார். மகன் ஈ.வெ.கி.ச. இளங்கோவன் பின்னாளில் மத்திய இணை அமைச்சரானார்.

நம் சங்கப் பொதுக்குழுவிலும் எல்லோரும் கை தூக்கும்போது ஒருவர் மட்டும் இது சரிப்படாது என்று எழுந்து நிற்பதுண்டு. அடுத்த முறை அவரை உட்காரச் சொல்வதற்கு முன், ஐந்து நிமிடம் பேசவிடுங்கள். அவர் சொல்வதையே இரண்டு வருடம் கழித்து நாம் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டி வரலாம்.