தாவரவியலார் ஜானகி அம்மாள்

மேல்நிலை வகுப்பு முடியும் தறுவாயில் நம் இல்லங்களில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. அடுத்து என்ன படிப்பது? மருத்துவம், பொறியியல் என்று பெரியவர்கள் விரல் மடக்கி எண்ணுவார்கள். தாவரவியல் என்று நாம் மெல்லச் சொன்னால், மருத்துவத்துக்கு இடம் கிடைக்காதவர்கள் போய்ச் சேரும் வகுப்பாயிற்றே என்று வருத்தப்படுவார்கள். பூவையும் இலையையும் படித்து என்ன உத்தியோகம் பார்க்க முடியும் என்பது அவர்கள் கவலை. அந்தக் கவலையைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. ஆகவே, நம்மைப் போலவே கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் பயின்று, தாவரவியலையே வாழ்வாகக் கொண்ட ஓர் அம்மையாரின் வரலாற்றை இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

எடவலத் கக்கட் ஜானகி அம்மாள் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலைச்சேரியில் பிறந்தார். தந்தையார் திவான் பகதூர் கிருஷ்ணன் நீதிபதி. கச்சேரி வேலை போக மிச்ச நேரமெல்லாம் அவருக்குப் பறவைகளும் தோட்டமும்தான். பத்தொன்பது பிள்ளைகள் கொண்ட பெருங்குடும்பம். அக்காமார் ஒவ்வொருவராக மணமாகிச் செல்ல, ஜானகி மட்டும் படிப்பைத் தேர்ந்துகொண்டார். தலைச்சேரி திரு இருதயப் பள்ளியில் படிப்பு முடிந்ததும் சென்னைக்கு வந்து இராணி மேரி கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் மாநிலக் கல்லூரியில் 1921இல் தாவரவியல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். நாட்டில் பெண்களில் மிகப் பெரும்பாலோர் எழுதப் படிக்கவே அறியாத காலம் அது என்பதைத் தோழியர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தபோது, ஆசிய நாட்டுப் பெண்களுக்கென்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் வழங்கிய பார்பர் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. அங்கே முதுகலைப் பட்டமும், 1931இல் டி.எஸ்சி. பட்டமும் பெற்றார். அமெரிக்காவில் தாவரவியலில் இத்தகைய உயர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களில் அவரும் ஒருவர். திரும்பி வந்து திருவனந்தபுரத்தில் இரண்டாண்டுகள் பேராசிரியை. 1934இல் கோயம்புத்தூர் கரும்பு இன விருத்தி நிலையத்தில் சேர்ந்தார்.

இந்தியக் கரும்புக்கு இனிப்பேற்றியவர் என்று இவரைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அது முழு உண்மையன்று. நாட்டின் வெப்பத்தையும் நோயையும் தாங்கக்கூடிய காட்டு நாணல் இனத்தையும் இனிப்பு மிக்க வெளிநாட்டுக் கரும்பையும் சேர்த்து, பார்பர், டி.எஸ். வேங்கடராமன் ஆகியோர் உருவாக்கிய கரும்பு 1918லேயே வயலுக்குப் போய்விட்டது. ஜானகி அம்மாள் செய்தது வேறு. அந்தக் கலப்பு ஏன் பலிக்கிறது, எது எதனோடு சேரும் என்பதை அணுவின் உள்ளே புகுந்து பார்த்தார். ஒவ்வொரு செடியின் உயிரணுவிலும் இழை இழையாக இருக்கும் குரோமோசோம்களை உருப்பெருக்கியின் கீழ் எண்ணுவது அவர் வேலை. கரும்பை மக்காச்சோளத்தோடுகூடக் கலந்து பார்த்தார். நம் ஆய்வுக்கூடத்தில் வெங்காய வேர்நுனியை நசுக்கி வைத்து, ஒன்றும் தெரியவில்லை என்று பாதியில் எழுந்துவிடும் நமக்கு அந்தப் பொறுமையின் அளவு ஓரளவு புரிகிறது.

ஆயினும் அங்கே அவருக்கு நிம்மதி இல்லை. பெண், மணமாகாதவர், அன்றைய சமூகம் தாழ்த்தி வைத்திருந்த குலத்தில் பிறந்தவர். உடன் பணிபுரிந்த ஆண்களிடையே மதிப்பைப் பெறப் போராட வேண்டியிருந்தது. 1939இல் எடின்பரோ நகரில் நடந்த மரபியல் மாநாட்டுக்குச் சென்றார், உலகப் போர் மூண்டது, அங்கேயே தங்கிவிட்டார். இலண்டனில் ஜான் இன்னஸ் நிலையத்தில் வேலை. இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாராம். விடிந்ததும் உடைந்த கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துவிட்டு ஆய்வைத் தொடர்வாராம். டார்லிங்டன் என்னும் அறிஞரோடு சேர்ந்து, பயிரிடப்படும் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்து 1945இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார்.

அடுத்து விஸ்லி தோட்டத்தில் அவர் செய்த ஆய்வு நமக்கு மிகவும் பிடித்தது. கொல்கிசின் என்று ஒரு மருந்து உண்டு. நம் மாநில மலரான செங்காந்தளிலும் அது இருக்கிறது. முளைவிடும் செடியில் அதை இட்டால் குரோமோசோம்கள் இரட்டிக்கின்றன. இலை தடிக்கிறது, பூ பெருக்கிறது. மக்னோலியா மரக்கன்றுகளில் இதைச் செய்து பார்த்தார். அவற்றிலிருந்து வந்த வெள்ளைப் பூவகை ஒன்று இன்றும் அவர் பெயரையே தாங்குகிறது.

பிரதமர் நேரு அழைத்ததன் பேரில் 1951இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். நம் காட்டுச் செடிகளை அறிய இலண்டன் கியூ தோட்டத்துக்கு ஓட வேண்டியிருக்கிறதே என்பது அவருடைய மனத்தாங்கல். இந்நிலையில் அத்துறையின் தலைமைத் தாவரவியலாராக 1954இல் வந்தவர் ஸ்பெயினில் பிறந்த இயேசு சபைக் குரு சந்தாபாவ் அடிகளார். இது அம்மையாருக்கு உடன்பாடில்லை. அடிகளாரின் புலமையும் உழைப்பும் பெரியவை என்பதை நாம் அறிவோம்; எனினும் அம்மையாரின் வருத்தத்தையும் நம்மால் உணர முடிகிறது. அத்துறையின் தென்மண்டல அலுவலகம் கோயம்புத்தூரில்தான் இருக்கிறது. பதப்படுத்திய செடிகள் ஆயிரமாயிரமாக அங்கே அடுக்கப்பட்டுள்ளன. செடிக்குச் சரியான பெயர் சொல்வதே ஒரு முழுநேர உத்தியோகம் என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டுகிறோம்.

அலகாபாத், ஜம்மு, டிராம்பே என்று பல ஊர்களில் பணியாற்றிய பின், 1970இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அப்போது வயது எழுபத்து மூன்று. மதுரவாயல் ஆய்வுக்களத்தில் மூலிகைகளை வளர்த்துக்கொண்டு, மஞ்சள் சேலையும் எளிய வாழ்வுமாக இருந்தார். 1977இல் பத்மஸ்ரீ விருது வந்தது. கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கை மூழ்கடித்து அணை கட்டத் திட்டமிட்டபோது, எண்பது வயதைக் கடந்த அம்மையார் எதிர்த்துக் குரல் கொடுத்தார். காடு மூழ்குமுன் அங்குள்ள செடிகளின் குரோமோசோம்களையாவது கணக்கெடுத்துவிட வேண்டும் என்று புறப்பட்டார்.

1984ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் அவர் காலமானார். அதற்குள் அணைத் திட்டம் கைவிடப்பட்டிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.