கேள்வி கேட்ட ஆளுங்கட்சி உறுப்பினர்

ஊழல் செய்தி இல்லாமல் ஒரு நாளும் விடிவதில்லை. எல்லாவற்றையும் தனியாரிடம் ஒப்படைத்தால் ஊழல் ஒழியும் என்பர் சிலர். அரசே ஏற்று நடத்தினால் ஒழியும் என்பர் வேறு சிலர். இரண்டில் எதுவும் தன்னளவில் போதாது என்பதை 1950-களிலேயே நாட்டுக்கு உணர்த்தியவர் ஃபெரோஸ் காந்தி. நேருவின் மருமகன், இந்திராவின் கணவர் என்ற அளவில் மட்டுமே இன்று பலரும் அவரை அறிந்திருக்கின்றனர்.

1912 செப்டம்பர் 12-இல் மும்பையில் பார்சி குடும்பத்தில் பிறந்த ஃபெரோஸ், அலாகாபாதில் வளர்ந்தார். கல்லூரியைத் துறந்து விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு, 1930-இல் சிறை சென்றார். 1952, 1957 பொதுத் தேர்தல்களில் ரேபரேலியிலிருந்து காங்கிரஸ் சார்பில் மக்களவைக்குத் தேர்வானார்.

அன்று ஆயுள் காப்பீடு தனியார் வசம் இருந்தது. காப்பீட்டு நிறுவனமொன்றின் நிதியைத் தொழிலதிபர் ராமகிருஷ்ண டால்மியா தம் சொந்த ஆதாயத்துக்குத் திருப்பியதை 1955 டிசம்பரில் ஃபெரோஸ் அவையில் அம்பலப்படுத்தினார். அடுத்த மாதமே ஆயுள் காப்பீட்டை அரசு தன்வசப்படுத்தியது. 1956 செப்டம்பர் 1-இல் 245 நிறுவனங்களை ஒருங்கிணைத்து எல்ஐசி பிறந்தது. டால்மியா பின்னர் சிறைத் தண்டனை பெற்றார்.

நிர்வாகம் அரசின் கைக்கு வந்துவிட்டதே என்று ஃபெரோஸ் கண்ணயரவில்லை. 1957 ஜூனில், கடும் நிதி நெருக்கடியில் இருந்த ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனப் பங்குகளைச் சுமார் 1.25 கோடி ரூபாய்க்கு எல்ஐசி வாங்கியது. அதன் முதலீட்டுக் குழுவின் ஆலோசனை முன்கூட்டிப் பெறப்படவில்லை. சந்தை விலையைவிடக் கூடுதல் விலையும் தரப்பட்டது. அந்தப் பணம் லட்சக்கணக்கான நடுத்தரக் குடும்பங்கள் செலுத்திய காப்பீட்டுத் தவணை. டிசம்பர் 16-இல், மாமனார் பிரதமராக வீற்றிருந்த அவையில், ஆளுங்கட்சி வரிசையிலிருந்து எழுந்த ஃபெரோஸ், ஆதாரங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார்.

மும்பை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைந்தது. விசாரணை மக்கள் முன்னிலையில் நடந்தது. ஒரு மாதத்துக்குள் அறிக்கையும் வந்தது. செயலரின் செயலுக்கு அமைச்சரே அரசமைப்புப்படி பொறுப்பு என்றார் சாக்ளா. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். ஆற்றல்மிக்க நிர்வாகியான அந்தத் தமிழர் பின்னாளில் அதே பொறுப்புக்குத் திரும்பினார் என்பது வேறு செய்தி.

நாடாளுமன்ற நடவடிக்கைகளை நேர்மையாக வெளியிடும் பத்திரிகைகளுக்குப் பாதுகாப்பளிக்கும் 1956-ஆம் ஆண்டுச் சட்டமும் ஃபெரோஸ் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் விளைவே. நெருக்கடி நிலையின்போது அவருடைய மனைவியின் அரசு அதை நீக்கியது. 1977-இல் அது மீட்கப்பட்டது. இவற்றையெல்லாம் காண அவர் இல்லை. 48 வயது நிறைய நான்கு நாள்கள் இருந்தபோது, 1960 செப்டம்பர் 8-இல் மாரடைப்பால் மறைந்தார்.

பொதுநிதி பாடம் நடத்திய ஆண்டுகளில் இந்த வரலாற்றை நான் தவறாமல் மாணவர்களிடம் சொல்வதுண்டு. தனியார் வசமிருந்தபோதும் மக்கள் பணம் களவுபோனது; அரசு வசம் வந்தபின்னும் தவறாகக் கையாளப்பட்டது. இருமுறையும் அதைத் தடுத்தது உடைமை மாற்றமன்று. கணக்கைப் படித்துக் கேள்வி எழுப்பிய ஓர் உறுப்பினரின் விழிப்பே.

இன்றோ மக்களவை கூடும் நாள்கள் அன்றிருந்ததில் ஏறத்தாழ பாதியாகச் சுருங்கிவிட்டன. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பின், கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே பறிபோகும். தன் கட்சி அரசை எதிர்த்துக் கேள்வி கேட்கும் துணிவு அரிதாகிவிட்டதில் வியப்பென்ன?

எந்தக் கட்சி வேட்பாளர் என்று பார்த்து வாக்களிக்கும் நாம், தன் கட்சியையும் கேள்வி கேட்பாரா என்று பார்த்து வாக்களிக்கத் தொடங்க வேண்டும். ஊழலை நொந்து புலம்புவதைவிட அது பயன் தரும்.