ஆயிரம் யென் நோட்டில் ஒரு டாக்டர்

வங்கியில் கேஷ் கவுன்ட்டரில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். எந்த நாட்டு நோட்டு கைக்கு வந்தாலும் அதிலுள்ள முகம் யாருடையது என்று தேடும் பழக்கம் இன்னும் போகவில்லை. டோக்கியோ போய் வந்த உறவினர் காட்டிய புதிய ஆயிரம் யென் நோட்டில் (2024 ஜூலையில் வெளியானது) மீசையும் கண்ணாடியுமாக ஒருவர் இருந்தார். அவர்தான் டாக்டர் கிதசாதோ ஷிபசபுரோ.

1853ல் குமமோட்டோ பகுதியில் ஒரு மலைக் கிராமத்தில் பிறந்தவர். டோக்கியோவில் மருத்துவம் படித்தபின் அரசாங்கம் அவரை ஜெர்மனிக்கு அனுப்பியது. பெர்லினில் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக்கிடம் சேர்ந்தார்.

அப்போது ரணஜன்னி, அதாவது டெட்டனஸ், வந்தால் பிழைப்பது அரிது. அதன் கிருமியை மற்றக் கிருமிகளிடமிருந்து பிரித்து வளர்க்க யாராலும் முடியவில்லை. அது தனியாக வளரவே வளராது என்றுகூடச் சிலர் கருதினார்கள்.

நான் பி.காம். படித்தவன். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். கிருமிகள் எல்லாம் ஒரே ரகமல்ல. காசநோய்க் கிருமிக்குப் பிராணவாயு கட்டாயம் வேண்டும். நம் குடலில் உள்ள ஈ.கோலை, காற்று இருந்தாலும் வளரும், இல்லாவிட்டாலும் வளரும். டெட்டனஸ் கிருமிக்கோ பிராணவாயுவே எமன். ஆனால் அது விதை போன்ற கெட்டியான உறைக்குள் ஒடுங்கி, மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

இந்த இரண்டு குணங்களையும் கிதசாதோ பயன்படுத்திக்கொண்டார். நோயாளியின் புண்ணிலிருந்து எடுத்து வளர்த்த கலவையை 80 டிகிரி வெப்பத்தில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வைத்தார். மற்றக் கிருமிகள் செத்தன, விதைகள் தப்பின. பிறகு தட்டையான கண்ணாடிப் பாத்திரத்தில் காற்றை வெளியேற்றி, ஹைட்ரஜன் வாயுவை நிரப்பி வளர்த்தார். 1889ல் டெட்டனஸ் கிருமி முதன்முறையாகத் தனியாக வளர்ந்தது.

அடுத்த வருடமே, அதன் விஷத்தை முறிக்கும் பொருள் ரத்தத்தில் உருவாகிறது என்று பெரிங்குடன் சேர்ந்து நிரூபித்தார். சீரம் சிகிச்சை பிறந்தது. ஆனால் 1901ல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பெரிங்குக்கு மட்டுமே கிடைத்தது.

1892ல் நாடு திரும்பியவருக்கு ஆராய்ச்சிக்கூடம் அமைக்க உதவியவர் ஃபுகுசாவா யுகிச்சி. பல வருடம் பத்தாயிரம் யென் நோட்டில் இருந்தவர் அவர்தான்! 1914ல் அந்தக் கூடத்தை அரசு கல்வித் துறையின் கீழ் கொண்டுபோனபோது கிதசாதோ ராஜினாமா செய்து, சொந்தப் பணத்தில் வேறொன்று தொடங்கினார். பின்னர் ஃபுகுசாவா நிறுவிய கெய்யோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பிரிவை உருவாக்கி நன்றிக்கடன் தீர்த்தார். 1931ல் காலமானார்.

நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. துருவில் விஷம் இல்லை. ஆணி குத்திய காயம் ஆழமாகவும் குறுகலாகவும் இருப்பதால் உள்ளே காற்று போகாது. மண்ணோடு போன கிருமிக்கு அதுவே கிதசாதோவின் கண்ணாடிப் பாத்திரம். செடி வைப்பவர்கள், வெறுங்காலோடு நடப்பவர்கள், என்னைப் போன்ற மூத்தவர்கள், கடைசியாக எப்போது டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டோம் என்று யோசித்துப் பாருங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால் டாக்டரைக் கேளுங்கள். எனக்குத் தாண்டியிருந்தது. போன வாரம் போட்டுக்கொண்டேன்.