‘ஓ.எம்.’ என்று ஏன் அழைக்கிறார்கள்? ஒரு ‘கிழவரின்’ கதை



மொட்டைமாடியில் நீளமாகக் கம்பி கட்டி, வீட்டிலிருந்தபடியே உலகம் முழுவதும் பேசும் ஹாம் ரேடியோ பொழுதுபோக்கைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்கள் பேசுவதை ஒரு பத்து நிமிடம் கேட்டால் ஒரு சொல் திரும்பத் திரும்பக் காதில் விழும்: ‘ஓ.எம்.’. பதினைந்து வயதுப் பையனையும் ஓ.எம். என்பார்கள், எண்பது வயதுக்காரரையும் ஓ.எம். என்பார்கள். ‘ஓல்ட் மேன்’ என்பதன் சுருக்கம் இது. நேராகச் சொன்னால் ‘கிழவரே’.

இந்தப் பெயரைத் தன் முகமூடியாக அணிந்துகொண்ட ஒருவர் இருந்தார். பெயர் ஹிராம் பெர்சி மேக்சிம். அவர் கதையைத் தெரிந்துகொண்டால் இந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

சத்தத்தின் மகன்

மேக்சிம் 1869ஆம் ஆண்டு செப்டம்பர் 2 அன்று அமெரிக்காவின் நியூயார்க் அருகே புரூக்ளினில் பிறந்தார். தந்தை ஹிராம் ஸ்டீவன்ஸ் மேக்சிம், மேக்சிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். 1881இல் ஐரோப்பா சென்ற தந்தை லண்டனிலேயே தங்கிவிட்டார். பிள்ளைகள் தாயின் பொறுப்பில் வளர்ந்தார்கள். துப்பாக்கிச் சத்தத்தோடு காலம் கழித்த தந்தைக்குப் பிற்காலத்தில் காது கேட்காமலே போய்விட்டது.

மகனோ சத்தத்தை அடக்குவதில் பெயர் எடுத்தார். 1886இல், 17 வயதுகூட நிரம்பாத நிலையில், எம்.ஐ.டி.யில் படிப்பை முடித்தார். 1895இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகருக்கு வந்து, போப் நிறுவனத்தில் மோட்டார் வண்டிகள் செய்யும் பணியில் சேர்ந்தார். 1909இல் துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அதே தத்துவத்தை என்ஜின்களின் புகைக்குழாய்க்கும் கொண்டுபோனார். இன்று பைக் மெக்கானிக்கிடம் நாம் சொல்லும் ‘சைலன்சர்’ அந்தக் குடும்பத்துச் சொல்தான்.

நாற்பது கிலோமீட்டர் எட்டவில்லை

நடுவயதில் அவரை ரேடியோ ஆர்வம் பிடித்துக்கொண்டது. 1912இல் வந்த அமெரிக்கச் சட்டம் பொழுதுபோக்கு ரேடியோக்காரர்களை 200 மீட்டர் அலைநீளத்துக்குக் கீழே ஒதுக்கியது. அந்தக் காலத்தில் அது யாருக்கும் பயன்படாத இடம் என்று கருதப்பட்டது. சக்தியும் ஒரு கிலோவாட்டுக்கு மேல் கூடாது.

1914 ஏப்ரலில், சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து நண்பருக்கு மேக்சிம் ஒரு செய்தி அனுப்ப முயன்றார். எட்டவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவே விண்ட்சர் லாக்ஸ் என்ற ஊரில் இன்னொரு ரேடியோக்காரர் இருப்பது நினைவுக்கு வந்தது. அவரிடம் சொல்ல, அவர் வாங்கி மறுபக்கம் கொடுத்தார். வேலை முடிந்தது.

நம்மில் பலர் இதை அன்றோடு மறந்திருப்போம். மேக்சிம் இதையே நாடு முழுவதும் செய்தால் என்ன என்று கேட்டார். ஹார்ட்ஃபோர்டு ரேடியோ கிளப்பில் யோசனையை வைத்தார். கிளாரன்ஸ் டஸ்கா என்ற இளைஞரோடு சேர்ந்து அமெரிக்க ரேடியோ ரிலே லீகைத் தொடங்கினார். சில மாதங்களிலேயே இருநூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. 1915 டிசம்பரில் ‘கியூ.எஸ்.டி.’ என்ற அவர்களுடைய இதழும் வெளிவந்தது.

திட்டுவதற்கு ஒரு கிழவர்

ஆள் சேரச் சேரத் தொல்லையும் சேர்ந்தது. அந்தக் காலத்து ரேடியோ தீப்பொறியில் ஓடியது. ஒருவர் சாவியை அழுத்தினால் அக்கம்பக்கத்து அலைவரிசைகள் எல்லாவற்றிலும் இரைச்சல் பரவும். சிலர் சோதனை என்ற பெயரில் சாவியை அழுத்திப் பிடித்தபடியே இருப்பார்கள். வேறு சிலர், பதில் வருகிறதா என்று ஒரு கணம்கூட நின்று கேட்காமல் அழைத்துக்கொண்டே இருப்பார்கள். இப்படி ஒருவர் பேச்சை இன்னொருவர் கெடுக்கும் இடையூறுக்கு ரேடியோக்காரர்கள் வைத்த பெயர் ‘கியூ.ஆர்.எம்.’.

ஒரு குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரவு பதினொரு மணிக்கு ஒரு வீட்டில் டிரில்லிங் மெஷின் ஓடினால் மொத்த பிளாக்குக்கும் தூக்கம் போய்விடும் இல்லையா?

மேக்சிம் லீகின் தலைவர். சுற்றறிக்கை அனுப்பியிருக்கலாம், பெயர் சொல்லிக் கண்டித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. 1917இல் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் பெயர் ‘தி ஓல்ட் மேன்’, சுருக்கமாக ‘டி.ஓ.எம்.’. எதற்கெடுத்தாலும் சலித்துக்கொள்ளும் ஒரு கிழவர், காற்றலையில் கேட்கும் கண்றாவிகளையெல்லாம் சிரிக்கச் சிரிக்கத் திட்டித் தீர்த்தார். தொடர்ந்து வந்த கட்டுரைகளின் தலைப்புகள் பெரும்பாலும் ‘ராட்டன்’ என்றே தொடங்கின. ‘படுமோசம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். படித்தவர்கள் சிரித்தார்கள். நம்மைத்தான் சொல்கிறாரோ என்று மனதுக்குள் நினைத்துத் திருந்தவும் செய்தார்கள். அந்தக் கிழவர் யார் என்பது மட்டும் வாசகர்களுக்குத் தெரியாது. அப்போது மேக்சிமுக்கு வயது 47தான்.

ஒழுங்கு தவறுபவர்களைத் தண்டிக்க ‘வவுஃப் ஹாங்’ என்று ஒரு கருவி இருப்பதாகவும் கிழவர் எழுதினார். அது என்ன, எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பிறகு 1919இல் மரக்கட்டையைக் கம்பியால் கட்டிய விசித்திரமான ஒரு பொருள் லீக் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. இதுதான் அது என்றார்கள்! இன்றும் நியூயிங்டனில் உள்ள லீகின் தலைமையகத்தில் அதைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள்.

வேடிக்கைக்குப் பின்னால் ஒரு பயம்

இதெல்லாம் வெறும் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும், பொழுதுபோக்கு ரேடியோ நிலையங்கள் எல்லாவற்றையும் மூடச் சொல்லி அரசு உத்தரவிட்டது. போர் முடிந்த பிறகும் ரேடியோ முழுவதையும் கடற்படையின் கையிலேயே வைத்துக்கொள்ள 1918இல் ஒரு மசோதா வந்தது. அது நிறைவேறியிருந்தால் இந்தப் பொழுதுபோக்கின் கதை அதோடு முடிந்திருக்கும்.

மேக்சிம் வாஷிங்டன் சென்று நாடாளுமன்றக் குழுவின் முன் வாதாடினார். உறுப்பினர்களும் அவர்கள் வீட்டாரும் தங்கள் பிரதிநிதிகளுக்குக் கடிதங்கள் எழுதினார்கள். மசோதா கைவிடப்பட்டது. 1919 அக்டோபரில் மறுபடியும் ஒலிபரப்ப அனுமதி கிடைத்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அலைவரிசையில் கூச்சலும் குழப்பமுமாக இருந்தால், இவர்களிடம் இதை விட்டுவைக்கலாம் என்று எந்த அரசு சொல்லும்? தங்களைத் தாங்களே ஒழுங்குபடுத்திக்கொள்ளத் தெரிந்தவர்களுக்குத்தான் இடம் நிலைக்கும். கிழவரின் திட்டுக்குள் இருந்த அக்கறை அதுதான். தலைவர் வெளியே போய் அவர்களுக்காக வாதாடினார். கிழவர் உள்ளே இருந்து அவர்களைத் திருத்தினார். இரண்டும் ஒரே ஆள்.

பயனற்றது என்று ஒதுக்கிய 200 மீட்டருக்குக் கீழேதான் சிற்றலைகள் இருந்தன. 1921 டிசம்பரில் அமெரிக்க ஹாம்களின் சிக்னல் அட்லாண்டிக்கைத் தாண்டி ஸ்காட்லாந்தில் கேட்டது. 1925இல் பாரிசில் சர்வதேச அமெச்சூர் ரேடியோ ஒன்றியம் உருவானபோது, அதன் முதல் தலைவரும் மேக்சிம்தான்.

1936இல் கலிஃபோர்னியாவில் உள்ள லிக் வானாய்வகத்தைப் பார்க்க ரயிலில் போகும் வழியில் அவர் நோய்வாய்ப்பட்டார். கொலராடோ மாநிலத்தின் லா ஜுண்டா என்ற ஊரில் பிப்ரவரி 17 அன்று காலமானார். வயது 66. இருபது ஆண்டுகளாகத் தங்களைத் திட்டிச் சிரிக்கவைத்த கிழவர் தங்கள் தலைவரேதான் என்பது வாசகர்களுக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அவருடைய அழைப்புக்குறியான ‘டபிள்யூ1ஏடபிள்யூ’ இன்று நியூயிங்டனில் உள்ள நினைவு நிலையத்தின் பெயராக ஒலித்துக்கொண்டிருக்கிறது.

சரி, எப்படி அழைப்பது?

‘ஓல்ட் மேன்’ என்ற விளி மேக்சிம் உண்டாக்கியது அல்ல. தந்திக்காரர்களிடம் முன்பே புழங்கியதுதான். நாம் நண்பனை ‘என்னப்பா’ என்று கூப்பிடும்போது அவன் நமக்கு அப்பா ஆகிவிடுவதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும். ஆனால் அந்தப் பெயருக்கு ஒரு குணத்தைக் கொடுத்தவர் மேக்சிம். உங்களுக்கும் உதவும் என்பதால் சில வழக்கங்களைச் சொல்கிறேன்.

• ஆண் ரேடியோக்காரர் யாராக இருந்தாலும் ஓ.எம்.தான். வயது, பதவி, சம்பளம் எதுவும் கணக்கில் இல்லை. கலெக்டரும் கல்லூரி மாணவனும் ஒன்று.

• பெண்களுக்கு ‘ஒய்.எல்.’ என்பது வழக்கம். ‘யங் லேடி’ என்பதன் சுருக்கம். பாட்டியாக இருந்தாலும் ஒய்.எல்.தான்! ரேடியோக்காரரின் மனைவியை ‘எக்ஸ்.ஒய்.எல்.’ என்பார்கள்.

• நம் நாட்டு ஹாம்கள் ‘சார்’ போடும் இடத்தில், மரியாதையாகப் பெயரோடு ஓ.எம். சேர்ப்பதும் உண்டு.

• மோர்ஸில் அனுப்பினால் ‘ஓ’ மூன்று கோடு, ‘எம்’ இரண்டு கோடு. நடுவில் இடைவெளி விடாமல் அடித்தால் ஐந்து கோடு சேர்ந்து பூஜ்யம் ஆகிவிடும். மரியாதையாகக் கூப்பிட நினைத்து ஒருவரைப் பூஜ்யம் என்று சொல்லிவிடாதீர்கள்.

• கேலிக்காகவோ, புதிதாக வந்தவரை மட்டம் தட்டவோ இதைச் சொல்லக் கூடாது. நீயும் நானும் சமம் என்பதுதான் இதன் பொருள்.

நம் நாட்டில் 12 வயது நிரம்பிய எவரும் மத்திய அரசின் தேர்வு எழுதி, உரிமம் பெற்று ஹாம் ஆகலாம். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஆர்வம் இருந்தால் தடுக்காதீர்கள். ஆறாம் வகுப்போ ஏழாம் வகுப்போ படிக்கும் உங்கள் மகனை உலகத்தின் மறுகோடியிலிருந்து யாரோ ‘ஓல்ட் மேன்’ என்று கூப்பிட்டால் சிரித்துக்கொள்ளுங்கள். தங்களில் ஒருவனாக அவனைச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.