நல்ல பிள்ளைகளின் தந்தை புனித லூயிஜி குவனெல்லா

பெற்றோர் கொழுந்து பறிக்கவும் பால் வெட்டவும் புறப்பட்டுப் போனபின், சப்ரகமுவத் தோட்டங்களின் லயங்களில் சில காம்பராக்களின் கதவுகள் வெளியே கொண்டி போட்டபடி கிடக்கும். உள்ளே இருப்பது ஒரு பிள்ளை. வயது இருபதோ இருபத்தைந்தோ ஆகியும் மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளை. சிறுவயதில் பிள்ளைக் காம்பராவில் விட்டார்கள். வளர்ந்த பின் விடுவதற்கு இடமில்லை. தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அவனைப் பின்பக்கம் அனுப்பிவிடுவார்கள். திருநாளன்றும் அவனுக்காக ஒருவர் பூசைக்குப் போகாமல் வீட்டில் நிற்பார். அந்தத் தாயின் நெஞ்சை இரவில் அரிக்கும் கேள்வி ஒன்றுதான்: நான் கண்மூடிய பிறகு இவனுக்கு யார்?

அன்பான வாசகர்களே, இந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கென்றே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒரு குருவானவரின் கதை இது.

வட இத்தாலியில், சுவிற்சர்லாந்து எல்லையை அடுத்த மலைச்சாரலிலே பிராசீசியோ என்றொரு சிற்றூர். அங்கே 1842 டிசெம்பர் 19ம் திகதி, பதின்மூன்று பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் ஒன்பதாவது பிள்ளையாகப் பிறந்தவர் லூயிஜி குவனெல்லா. எமது முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குக் கால்நடையாக வந்துகொண்டிருந்த காலம் அது. அந்த மலைநாட்டிலும் குளிரும் வறுமையும் குறைவில்லை. பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போனவர்கள் அங்கும் ஏராளம்.

அவருடைய சிறுவயதைப்பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. திருநாளன்று கையில் கிடைத்த மிட்டாயைக் கோவிலுக்குள் போகுமுன் விறகுக் குவியலில் ஒளித்து வைத்தார். நிமிர்ந்து பார்த்தபோது, ஏழை முதியவர் ஒருவர் மிட்டாய் கேட்பதுபோல் கைகளை நீட்டி நின்றார். சிறுவன் பயந்து கொடுக்காமல் விட்டான். மறுபடி பார்த்தபோது அவரைக் காணவில்லை. கொடுக்காமற் போனோமே என்ற உறுத்தல் அந்தப் பிள்ளையின் மனதை விட்டு அகலவில்லை.

1866 மே 26ம் திகதி குருப்பட்டம் பெற்றார். சவோஞோ என்னும் மலைக்கிராமத்துப் பங்கில் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் உழைத்தார். பின்பு 1875ல் தூரின் நகர் சென்று, புனித தொன் போஸ்கோவோடு மூன்று ஆண்டுகள் பணிபுரிந்தார். தண்டனையால் அல்ல, அன்பினால் பிள்ளைகளைச் சூழ்ந்து நின்று வளர்க்கவேண்டும் என்பதை அங்கே கண்டறிந்தார். தம் ஆயர் திரும்ப அழைத்தபோது கீழ்ப்படிந்து ஊர் திரும்பினார். வந்தவருக்குக் காத்திருந்ததோ கஷ்டம். திருச்சபையை வெறுத்த அரச அதிகாரிகள் அவரைச் சந்தேகக் கண்கொண்டு பார்த்தார்கள். தொடங்க நினைத்த வேலைகள் தடைப்பட்டன.

1881ல் கோமோ ஏரிக்கரையிலுள்ள பியனெல்லோ பங்கு அவருக்குக் கிடைத்தது. அநாதைப் பிள்ளைகளையும் முதியோரையும் பராமரிக்கும் சில பெண்களை அங்கே கண்டார். மர்செலீனா, கியாரா என்ற பொசாத்தா சகோதரிகள் அவர்களில் முக்கியமானவர்கள். 1886 ஏப்ரல் மாதத்து இரவொன்றில், சில பெண்களும் அநாதைப் பிள்ளைகளும் படகேறி ஏரி வழியே கோமோ நகருக்குப் போனார்கள். கையில் பணமில்லை, கடவுளின் பராமரிப்பில் நம்பிக்கை மட்டும் இருந்தது. அங்கே தொடங்கிய சிறு வீடே தெய்வ பராமரிப்பு இல்லம். பிற்காலத்தில் பராமரிப்பின் புனித மரியாளின் புதல்வியர் என்ற கன்னியர் சபையும், அன்பின் ஊழியர் என்ற குருக்கள் சபையும் இந்த வேரிலிருந்து தழைத்தன.

அந்த வீட்டுக்கு முதியோர் வந்தார்கள், நோயாளிகள் வந்தார்கள். எவரும் ஏற்காத மூளை வளர்ச்சி குன்றியோரும் வந்தார்கள். அந்த மலைப் பள்ளத்தாக்குகளில் அத்தகையோர் பலர் இருந்தனர். உணவில் அயடீன் குறைந்தமையால் கழலை நோயும் மூளை வளர்ச்சிக் குறைவும் அங்கே மலிந்திருந்தன என்று இன்று நாம் அறிவோம். அன்று அந்த மக்கள் அதை அறியார். பெற்றோர் செய்த பாவம் என்றார்கள் சிலர். சாபம் என்றார்கள் வேறு சிலர். இன்றும் எமது லயங்களில் இப்பேச்சுக் கேட்கிறதல்லவா?

குவனெல்லா அடிகளார் அவர்களுக்கு வேறு பெயர் வைத்தார். நல்ல பிள்ளைகள் என்பதே அப்பெயர். அவருடைய வீட்டில் அவர்கள் நோயாளிகளல்லர், அந்த வீட்டுப் பிள்ளைகள். இல்லம் ஒரு குடும்பமாய் இருக்கவேண்டும், அக்குடும்பத்திலே ஒருவரும் விலக்கப்படலாகாது என்பதே அவருடைய சட்டம்.

பிள்ளை என்றால் வீட்டில் ஒரு வேலையும் இருக்கவேண்டுமே! 1900ம் ஆண்டில், அத்தா ஆறு கோமோ ஏரியில் கலக்கும் இடத்திலே, மலேரியாக் காய்ச்சலுக்குப் பேர்போன சதுப்பு நிலத்தில் துணிந்து இறங்கினார். தம் நல்ல பிள்ளைகளையும் அழைத்துப் போனார். அவரவர் சக்திக்கேற்ற வேலை கொடுக்கப்பட்டது. ஒன்றுக்கும் உதவாதவர்கள் என்று ஊரார் கழித்துவிட்ட மனிதரின் கைகளும் சேர்ந்து, ஒன்றுக்கும் உதவாது என்று கழித்த நிலம் பயிர்நிலமாயிற்று. நுவோவா ஒலோனியோ என்னும் ஊர் இன்றும் அதற்குச் சாட்சி. மண்ணை நம்பி வாழும் எமக்கு இதன் அருமை விளங்கும்.

பாப்பரசர் புனித பத்தாம் பத்திநாதர் இவர்மீது மிகுந்த அன்பு கொண்டிருந்தார். சிறுபிள்ளைகளை நற்கருணைப் பந்திக்கு அழைத்தவர் அவரே. பெரிய படிப்பு வேண்டாம், தன் வயதுக்கேற்ப விசுவாசத்தின் அடிப்படைகளை அறிந்து, சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வேறுபாடு உணர்ந்தாற் போதும் என்று 1910ல் வழி திறந்தார். இவனுக்கு என்ன தெரியும் என்று சொல்லி எமது பிள்ளைகளைப் பந்தியிலிருந்து தள்ளி வைப்போர் இதைச் சிந்திப்பது நல்லது.

எழுபதாவது வயதிலும் அடிகளார் ஓயவில்லை. 1912ல் கடல்கடந்து அமெரிக்கா சென்று, அங்கு குடியேறிய இத்தாலியத் தொழிலாளரின் நிலையைக் கண்டு வந்தார். 1915 ஜனவரி 13ம் திகதி அவெத்சானோ பகுதியைப் பூமியதிர்ச்சி அழித்தபோது, அங்கு அல்லற்பட்டோருக்கு உதவ விரைந்தார். அவ்வாண்டு ஒக்டோபர் 24ம் திகதி கோமோவில் இறைவனடி சேர்ந்தார். 1964ல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அவருக்கு முத்திப்பேறு பட்டமும், 2011 ஒக்டோபர் 23ம் திகதி பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் புனிதர் பட்டமும் அளித்தனர். அவருடைய சபையினர் இன்று தமிழ்நாட்டிலும் நல்ல பிள்ளைகளோடு வாழ்கிறார்கள்.

ஆனால் எல்லாத் தோட்டத்துக்கும் ஓர் இல்லம் வந்துவிடாது. அது வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. குவனெல்லா அடிகளார் தொடங்கியது கட்டிடத்தோடு அல்ல, கதவைத் திறப்பதோடு. அந்தக் கொண்டியை நீக்குவோம். பக்கத்துக் காம்பராக்காரர் ஒரு பொழுது அவனைப் பார்த்துக்கொண்டால், தாய் நிம்மதியாகப் பூசை காணலாம். கோவில் முற்றம் கூட்டவும், மணி அடிக்கவும், பூ எடுத்துக் கொடுக்கவும் அவனுக்கு இடம் கொடுப்போம். அவன் பெயரைப் பங்குச் சுவாமியிடம் சொல்லி வைப்போம். தான் போன பிறகும் தன் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்க நாலு வீடு உண்டு என்று அந்தத் தாய் அறியட்டும். அன்றிரவாவது அவள் கண்ணயர்வாள்.