ஆஞ்செலோ மோசோ

ஆஞ்செலோ மோசோ (மே 30, 1846 – நவம்பர் 24, 1910) இத்தாலி நாட்டைச் சேர்ந்த உடலியங்கியல் அறிஞர் ஆவார். தசைச் சோர்வை அளந்து கோடாகப் பதியும் எர்கோகிராஃப் என்னும் கருவியை உருவாக்கியவர் இவரே. களைத்த தசை மீள்வதற்கு உடற்பிடிப்பு (மசாஜ்) உதவுகிறதா என்பதை அளந்தறியும் தொடக்ககால ஆய்வுகள் இக்கருவியைக் கொண்டே நடைபெற்றன.

இளமையும் கல்வியும்

மோசோ துரின் நகரில் ஓர் ஏழைத் தச்சரின் மகனாகப் பிறந்தார். அருகிலுள்ள கியேரியில் வளர்ந்தார். 1870 இல் துரின் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் செருமனியின் லைப்சிக் நகரில் கார்ல் லுட்விக்கின் ஆய்வகத்தில் பணியாற்றினார். உடலின் இயக்கங்களைச் சுழலும் உருளையில் கோடுகளாகப் பதியும் முறைக்கு அந்த ஆய்வகம் பெயர் பெற்றது. 1879 இல் துரினில் உடலியங்கியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார்.

எர்கோகிராஃப்

இக்கருவியில் முன்கை அசையாதவாறு பொருத்தப்படும். நடுவிரலில் மாட்டிய கயிறு கப்பியின் வழியாகச் சென்று ஓர் எடையைத் தாங்கும். ஆய்வுக்கு உட்படுபவர் சீரான இடைவெளியில், எடுத்துக்காட்டாக 2 நொடிக்கு ஒரு முறை, விரலை மடக்கி எடையைத் தூக்குவார். ஒவ்வொரு முறையும் எடை உயர்ந்த அளவு கரி பூசிய தாளில் கோடாகப் பதியும். கோடுகள் படிப்படியாகக் குறுகி, இறுதியில் விரல் அசையாத நிலை வரும். இவ்வாறு கிடைக்கும் வளைகோடு ஆளுக்கு ஆள் வேறுபடுவதையும், ஒருவரிடத்தில் பெரும்பாலும் மாறாதிருப்பதையும் மோசோ கண்டார். இதனால் ஒருவரின் களைப்பை வெவ்வேறு நிலைகளில் ஒப்பிட முடிந்தது.

உடற்பிடிப்பு பற்றிய ஆய்வு

மோசோவின் ஆய்வகத்தில் பணியாற்றிய அர்னால்டோ மச்சோரா, முற்றிலும் களைத்த விரல் தசைகள் ஓய்வினால் மட்டும் மீள ஏறத்தாழ 2 மணிநேரம் தேவைப்படுவதைக் கண்டறிந்தார். இடையே உடற்பிடிப்புச் செய்தபோது தசைகள் கூடுதலாக வேலை செய்தன. தட்டுதல், தேய்த்தல் ஆகியவற்றைவிடப் பிசைதல் மிகுந்த பயன் தந்தது. கைக்குச் செல்லும் குருதி தடுக்கப்பட்டபோது உடற்பிடிப்பால் பயன் விளையவில்லை. எனவே மீட்சியில் குருதியோட்டத்திற்குப் பங்குண்டு என அறியப்பட்டது.

எனினும் இவ்வாய்வு மிகச் சிலரிடமே, அதுவும் ஒரு விரலின் இயக்கத்தைக் கொண்டே செய்யப்பட்டது. பிற்காலத்தில் பலரிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடற்பயிற்சிக்குப் பிந்தைய தசைவலியை உடற்பிடிப்பு சிறிதளவு குறைப்பது தெரியவந்தது. ஆனால் தசை வலிமை விரைந்து மீள்கிறது என்பதற்கு உறுதியான சான்று கிட்டவில்லை. வலி குறைவதும் வலிமை மீள்வதும் ஒன்றல்ல என்பதால், இன்றைய அதிர்வுக் கருவிகளை ஆராய்வோரும் இவ்விரண்டையும் தனித்தனியே அளக்கின்றனர்.

பிற பணிகள்

அச்சம் (1884), களைப்பு (1891) ஆகியவை இவருடைய புகழ்பெற்ற நூல்கள். களைப்பு என்னும் நூலில், சிசிலியின் கந்தகச் சுரங்கங்களில் சுமை தூக்கிய சிறுவர்களின் நிலையையும் எடுத்துரைத்தார். உயர்ந்த மலைகளில் உடல் இயங்கும் விதத்தை ஆராய்ந்து 1897 இல் ஒரு நூல் வெளியிட்டார். இவரது முயற்சியால் ஆல்ப்சு மலையின் கோல் தோலன் பகுதியில் 1907 இல் ஓர் ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது.

இறுதிக்காலம்

1904 இல் இத்தாலிய மேலவை உறுப்பினரானார். நோயுற்றதால் ஆய்வகப் பணியைக் குறைத்துக்கொண்டு, கிரீட் தீவு முதலிய இடங்களில் தொல்லியல் ஆய்வில் ஈடுபட்டார். 1910 இல் துரினில் காலமானார்.