ரெபெக்கா கிராட்ஸ் அம்மையார்: அன்னமும் அறிவும் அளித்த வாழ்வு

கதை மாந்தராகப் புகழ் பெறுதல் ஒருவருக்குப் பேறா, இழப்பா என்னும் வினாவை நம்முள் எழுப்புவது ரெபெக்கா கிராட்ஸ் அம்மையாரின் வரலாறு. சர் வால்ட்டர் ஸ்காட் 1819-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட 'ஐவன்ஹோ' புதினத்தில் ரெபெக்கா என்னும் யூத நங்கை இடம்பெறுகிறாள். அப்பாத்திரத்திற்கு மூலமாய் அமைந்தவர் இவ்வம்மையாரே என்பது அமெரிக்காவில் வழிவழியாக வழங்கிவரும் செய்தி. இவர்தம் குடும்ப நண்பரான எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங், 1817-இல் ஸ்காட்டின் இல்லத்திற்குச் சென்றபோது இவரைப் பற்றி எடுத்துரைத்தார் என்பர். இதற்கு உறுதியான சான்று இல்லை. எனினும் இலக்கியம் பயிலும் நாம் இத்தகைய கதைகளில் எளிதில் மயங்கிவிடுகிறோம். புதினம் வெளிவந்த அதே 1819-இல் அம்மையார் தோற்றுவித்த மகளிர் சங்கத்தை நாம் காணத் தவறிவிடுகிறோம்.

பிறப்பும் சூழலும்

ரெபெக்கா கிராட்ஸ் 1781 மார்ச் 4-ஆம் நாள் பிறந்தார். தந்தை மைக்கேல் கிராட்ஸ் பிலடெல்பியா நகரின் பெருவணிகர். தாய் மிரியம் சைமன். இக்குடும்பம் அந்நகரின் தொன்மையான யூதத் திருச்சபையாகிய மிக்வே இஸ்ரேலில் முதன்மை பெற்றிருந்தது. செல்வமும் கல்வியும் ஒருங்கே வாய்த்த அவ்வில்லத்திற்கு எழுத்தாளரும் ஓவியரும் வந்து சென்றனர். இர்விங் மணக்கவிருந்த மாட்டில்டா ஹாஃப்மன் இவருடைய ஆருயிர்த் தோழி. அவர் 1809-இல் நோயுற்று இறந்தபோது உடனிருந்து பேணியவர் ரெபெக்கா. ஓவியர் தாமஸ் சல்லி இவரது உருவத்தைத் தீட்டியுள்ளார். அம்மையார் இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை. 1823-இல் தங்கை ரேச்சல் மறைந்தபோது அவருடைய குழந்தைகளைத் தம் மக்களாகவே ஏற்று வளர்த்தார்.

பசி தீர்த்த பணி

தம் இருபதாம் வயதில், 1801-இல், தாயாருடனும் பிற மகளிருடனும் சேர்ந்து, வறுமையுற்ற பெண்டிருக்கும் குழந்தைகளுக்கும் உதவும் சங்கமொன்றை அமைப்பதில் பங்கேற்றார். 1815-இல் பிலடெல்பியா அநாதை இல்லம் தோன்றவும் துணைநின்றார். இவ்விரண்டிலும் கிறித்தவ மகளிரும் யூத மகளிரும் இணைந்தே உழைத்தனர்.

இப்பணிகளினூடே ஓர் உண்மை அவர் நெஞ்சை உறுத்தியது. அக்காலக் கிறித்தவ அறச்சங்கங்கள் பல, உணவோடு சமயப் பரப்புரையையும் சேர்த்தே வழங்கின. வறிய யூதத் தாய் தன் குழந்தையின் பசியையும் முன்னோர் நெறியையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க வேண்டியிருந்தது. பசித்தவர்க்குச் சோறிடும் கை, அவர் நெஞ்சிலுள்ள நம்பிக்கையைப் பறித்தல் ஆகாது எனக் கருதினார் அம்மையார். அக்கருத்தின் விளைவே, மிக்வே இஸ்ரேல் மகளிரைத் திரட்டி அவர் 1819-இல் தொடங்கிய எபிரேயப் பெண்டிர் அறச்சங்கம். உணவு, விறகு, உறைவிடம் ஆகியவற்றை அது வழங்கியது. பின்னர் வேலை தேடித் தரவும் முற்பட்டது. திருச்சபையினரே நடத்தினும், திருச்சபை ஆடவரின் ஆளுகைக்கு உட்படாமல் மகளிரே நிருவகித்தமை இதன் சிறப்பு. மணிமேகலையின் அமுதசுரபியை அறிந்த நமக்கு, பசிப்பிணி போக்குதலே தலையாய அறம் என்பது புதிதன்று. அவ்வறத்தை ஏற்பவரின் மானமும் காக்கப்பட வேண்டும் என்பதை இவ்வம்மையாரின் வாழ்வு அழுத்திச் சொல்கிறது.

ஞாயிறு பள்ளி

வயிற்றுப் பசியைத் தீர்த்தவர் அறிவுப் பசியையும் மறந்தாரல்லர். 1838 மார்ச் 4-ஆம் நாள், தமது 57-ஆம் பிறந்தநாளில், எபிரேய ஞாயிறு பள்ளியைத் தொடங்கினார். அமெரிக்காவில் யூதக் குழந்தைகளுக்கென எழுந்த முதல் ஞாயிறு பள்ளி அது. சிறுவரும் சிறுமியரும் ஒருங்கே அமர்ந்து கட்டணமின்றிப் பயின்றனர். பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. ஆசிரியர் அனைவரும் ஊதியம் பெறாத பெண்டிர். தொழுகைக் கூடத்தில் பெண்கள் மாடத்தில் தனித்து அமர்ந்திருந்த காலம் அது. கீழே நடப்பதைக் கேட்டிருந்தோர் இப்பொழுது ஆசிரியர் இருக்கையில் அமர்ந்து சமயம் கற்பித்தனர்.

தொடக்கத்தில் பாடநூல் இல்லை. சீர்திருத்தக் கிறித்தவப் பள்ளிகளின் நூல்களையே கொணர்ந்து, யூத நெறிக்குப் பொருந்தாத பகுதிகளின்மீது தாள் ஒட்டி மறைத்துக் கற்பித்தனர். மறைத்ததைப் படிக்கும் ஆவல் குழந்தைகளுக்கு எழாதிருக்குமா? தாமே நூல் இயற்றுதல் ஒன்றே வழி என்பது விரைவில் விளங்கிற்று. திருச்சபையில் வழிபாடு நடத்திய ஐசக் லீசர் 1839-இல் வினாவிடை நூல் எழுதினார். பள்ளியின் ஆசிரியைகளுள் ஒருவரான சிம்ஹா பெய்ஷோட்டோ விவிலிய அறிமுக நூல் ஒன்றை இயற்றினார். வாரத்திற்கு ஒருநாள் கல்வி ஆழமாகாது என்று குறை கூறியோரும் உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் சார்ல்ஸ்டன், சவானா, பால்டிமோர் நகரங்களின் யூத மகளிர் இப்பள்ளியையே முன்மாதிரியாகக் கொண்டனர். சார்ல்ஸ்டன் பள்ளிக்குப் பின்னாளில் தலைமை ஏற்றவர், பாமாலைகள் பல இயற்றிய பெனினா மொய்ஸ் என்னும் கவிஞர்.

1855-இல் யூத அநாதைக் குழந்தைகளுக்கென ஓர் இல்லம் அமையவும் அம்மையார் வழிகண்டார். பள்ளித் தலைமையை 1864 வரை, எண்பது வயதைக் கடந்தும், தாங்கினார். 1869 ஆகஸ்ட் 27-ஆம் நாள், தமது 88-ஆம் வயதில் மறைந்து, மிக்வே இஸ்ரேல் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பெற்றார். அவருடைய உடன்பிறந்தார் ஹைமன் விட்டுச்சென்ற பொருளால் 1895-இல் கிராட்ஸ் கல்லூரி தோன்றியது.

நிறைவுரை

அம்மையார் தாம் தோற்றுவித்த சங்கங்களில் பெரும்பாலும் ஏற்றது செயலாளர் பொறுப்பையே. அநாதை இல்லத்தில் மட்டும் நாற்பது ஆண்டுகள் அப்பணியை ஆற்றினார். கூட்டக் குறிப்பு எழுதுதல், ஆண்டறிக்கை அணியப்படுத்துதல், நன்கொடை வேண்டி மடல் வரைதல் ஆகிய இவற்றை எந்தப் புதினமும் பாடாது. ஆனால் இவை இன்றேல் எந்த அறமும் இரண்டாம் ஆண்டைக் காணாது. பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் நம் வட்டத்தினர் இதனை நன்கு உணர்வர். கவியரங்கில் கைதட்டல் பெற்றோரை நினைவுகூரும் இவ்வேளையில், குறிப்பேட்டைச் சுமந்தோரையும் நினைத்தல் நம் கடன்.